முகாம் அலுவலகமும் வீட்டு அலுவலகமும்

2025 ஜனவரி 20 ஆம் நாள் அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்ற டொனால்ட் டிரம்ப் அன்றைக்கே கையெழுத்திட்ட ஆணைகளுள் ஒன்று, நடுவண் அரசு ஊழியர்கள் வீட்டிலிருந்து பணியாற்றும் ஏற்பாடுகளை முடித்துக்கொண்டு முழு நேரமும் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்பது. காரைக்குடியில் மாலை நடைக்குச் சேரும் எங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகளுள் ஒருவரையாவது கடல் கடந்து அனுப்பியவர்கள். ஆகவே அந்த ஆணை உள்ளூர்ச் செய்தியைப் போலவே இங்கே அலசப்பட்டது. “சம்பளம் வாங்குகிறவர் சீட்டில் உட்கார வேண்டாமா?” என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் ஆமோதித்ததோடு பேச்சு முடிந்தது. மாவட்டத் தலைமையகத்தில் கோப்புகளோடு காலம் கழித்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்வியில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. எல்லாச் சீட்டுக்கும் ஒரே விடை இருக்கிறது என்று அவர்கள் எண்ணிக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அமெரிக்கக் கணக்கையே பார்க்கலாம். அந்நாட்டு வரவு செலவு மேலாண்மை அலுவலகம் 2024 ஆகஸ்டில் தந்த அறிக்கையின்படி, ஏறத்தாழ 23 லட்சம் நடுவண் ஊழியர்களில் 54 விழுக்காட்டினர் அன்றாடம் பணியிடத்துக்கு வந்தே ஆகவேண்டிய வேலைகளில் இருந்தார்கள். படைவீரர் மருத்துவமனைச் செவிலியரும் எல்லைக் காவலரும் எந்தக் காலத்திலும் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் அல்லர். முற்றிலும் வெளியிலிருந்தே பணியாற்றியவர்கள் 10 விழுக்காடு. இடைப்பட்டவர்கள்கூடத் தம் பணி நேரத்தில் 61 விழுக்காட்டை அலுவலகத்தில்தான் கழித்தார்கள். ஊழியர் எவரும் அலுவலகப் பக்கமே வருவதில்லை என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு வெறுங்காற்றில் பிறந்ததும் அன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2023 இல் ஆராய்ந்த 24 துறைகளில் 17 துறைகளின் தலைமையகக் கட்டடங்கள், சராசரியாகக் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பயன்பட்டு வந்தன. தலைநகரில் காலியாகக் கிடக்கும் கட்டடம் எல்லார் கண்ணிலும் படுகிறது. மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் எவர் கண்ணிலும் படுவதில்லை.

அதே அரசின் ஓய்வூதியத் தாள்கள் எங்கே பரிசீலிக்கப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் பாயர்ஸ் என்ற ஊரில், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில், தரைக்கு ஏறத்தாழ 230 அடிக்குக் கீழே, காகிதக் கோப்புகளை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் பல்லாண்டுகளாக அந்த வேலையைச் செய்து வந்திருக்கிறார்கள். கோப்பு தாளாக இருக்கும் வரை, அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளும் இருந்தாக வேண்டும். 2020 இல் எங்கள் அலுவலகத்தில் நடந்ததும் இதுவேதான்.

அந்த ஆண்டு மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது வீட்டிலிருந்து பணி என்று தாளில் எழுதப்பட்டதே தவிர, பெரும்பாலான மாவட்ட அலுவலகங்களில் வீட்டிலிருந்து செய்வதற்குப் பணி ஏதும் இல்லை. கோப்புகள் பீரோவில் இருந்தன, பீரோ அலுவலகத்தில் இருந்தது. மே 18 முதல் பாதிப் பேர் சுழற்சி முறையில் வர, வாரத்துக்கு ஆறு நாள் அலுவலகம் இயங்கும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. செப்டம்பர் 1 முதல் எல்லோரும் வரவேண்டும் என்றாயிற்று. டெல்லியில் நடுவண் பணியாளர் துறையோ, நடுவண் அரசின் பல அமைச்சகங்களில் கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் மின் அலுவலகம் வேரூன்றிவிட்டதை வைத்து, ஆண்டுக்கு 15 நாள் வீட்டிலிருந்து பணியாற்றும் வாய்ப்பைத் தரலாம் என்ற வரைவு ஒன்றை அதே மே மாதத்தில் சுற்றுக்கு விட்டது. மடிக்கணினி தருவது, இணையக் கட்டணத்தை ஈடுசெய்வது, மறைபொருள் கோப்புகளை வீட்டில் திறக்காதிருப்பது என்று நடைமுறைக்கான செய்திகளும் அதில் இருந்தன. பெருந்தொற்று அடங்கியதும் வரைவும் அடங்கிவிட்டது. 2021 நவம்பர் 8 முதல் விரல்ரேகை வருகைப்பதிவு திரும்பியது. மூன்றாம் அலையின்போது மறுபடி பாதிப் பேருக்கு விலக்குத் தந்து, 2022 பிப்ரவரி 7 முதல் மீண்டும் முழு எண்ணிக்கைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சு எழுவதெல்லாம் டெல்லியில் புகைமூட்டம் கவியும்போதுதான். 2024 நவம்பரில் டெல்லி அரசு தன் ஊழியரில் பாதிப் பேரை வீட்டிலிருந்து பணியாற்றச் சொன்னது அப்படித்தான்.

அரசுப் பணியில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது ஏதோ 2020 இல் முளைத்த புதுமை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். மாவட்ட ஆட்சியரின் குடியிருப்பிலேயே முகாம் அலுவலகம் உண்டு. அங்கே எழுத்தர் உண்டு, தொலைபேசி உண்டு, இரவு எட்டு மணிக்கும் கோப்பு போகும், காலையில் கையெழுத்தோடு திரும்பும். “ஐயா கேம்ப் போயிருக்கிறார்” என்ற விடையைக் கேட்டுவிட்டுப் படியிறங்காத மனுதாரர் நம் மாவட்டத்தில் இருக்க முடியாது. உயர் அலுவலர் அலுவலகத்தில் இல்லாவிட்டாலும் அவர் பணியில் இருக்கிறார் என்று நம்பப் பழகிவிட்ட அமைப்பு, இளநிலை உதவியாளர் விஷயத்தில் மட்டும் நாற்காலியைப் பார்த்துத்தான் நம்புவேன் என்கிறது. இதைப் பணியில் இருக்கும்போது சொல்ல முடியாது, இப்போது சொல்லலாம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் பழையது. பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் முகப்பில் உட்கார்ந்துகொண்டு இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை நடத்தியவர்கள் நகரத்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தவர் ஏஜெண்டு; பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை; சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து அனுப்புவார்கள்; தவணை முடிந்து திரும்பி வந்து கணக்கை ஒப்படைத்த பிறகு இலாபத்துக்கு ஏற்ப அவருக்குப் பங்கு. முதலாளி அவரை நாள்தோறும் பார்க்கவில்லை. கடிதத்தையும் ஐந்தொகையையும் பார்த்தார். கப்பல் கடிதம் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆன காலத்தில், இவ்வளவு தொலைவிலிருந்து ஆளை வைத்து வேலை வாங்க முடிந்ததற்குக் காரணம், என்ன முடிய வேண்டும் என்பது இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான். ஊரும் உறவும் பிணையாக நின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ஏமாற்றிய ஏஜெண்டு ஊருக்குத் திரும்பி வந்துதான் ஆகவேண்டும். அரசுக்கு அந்தப் பிணை கிடையாது.

அதே வரலாற்றில் எதிர்ப்பக்கத்துக்கான சான்றும் இருக்கிறது. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பல கடைகளின் ஏஜெண்டுகள் ஒரே கூடத்தில், ஆளுக்கொரு பெட்டியைப் போட்டுக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து தொழில் செய்தார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது ஏஜெண்டுக்கு எடுபிடியாகப் போன சிறுவன், வட்டிக் கணக்கையும் பேரேட்டையும் ஆளை எடைபோடும் கலையையும் கற்றது பக்கத்தில் உட்கார்ந்துதான். இதை நான் என் பணியிலேயே கண்டிருக்கிறேன். தேர்வாணையத் தேர்வு எழுதி வரும் இளநிலை உதவியாளருக்கு அரசாணை படிக்கத் தெரியும். ஆனால் ஒரு பழைய கோப்பின் குறிப்புப் பக்கத்தைப் புரட்டி, இந்த மனு ஏற்கெனவே இரண்டு முறை தள்ளுபடியானது, மூன்றாவதாக வேறு பெயரில் வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் தேநீர் குடித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டுத்தான் அது வரும். ஆகவே பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் எவருக்கும் வீட்டிலிருந்து பணி கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கோப்பை வீட்டுக்கு அனுப்ப அரசு அஞ்சுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய கிராம அலுவலர்களான கர்ணமும் மணியக்காரரும் கிராமக் கணக்குகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து நிருவாகம் நடத்தினார்கள். பட்டாவில் ஒரு திருத்தம் வேண்டுமென்றால் அந்தத் திண்ணையில்தான் போய் நிற்க வேண்டும், அவருக்கு நேரமும் மனமும் வாய்க்கிற வரை நிற்க வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்து, முழுநேரக் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. ஆவணம் வீட்டில் இருந்தால் அது வீட்டுக்காரரின் சொத்தைப் போல ஆகிவிடும் என்ற பட்டறிவு அரசு இயந்திரத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இன்றைக்கு நிலைமை வேறு. சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று திரையிலேயே நகர்கிறது. யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்பதை மேலதிகாரி பார்க்கலாம். கோப்பு இப்போது எவர் வீட்டிலும் இல்லை, எந்த அலுவலக பீரோவிலும் இல்லை. வட்டாட்சியர் இரவில் குடியிருப்பிலிருந்து ஒப்புதல் தருவது நடைமுறையில் இருக்கிறது. அதனால் சான்று ஒரு நாள் முன்னதாகவே கிடைக்கிறது. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரிக்காமல் வீட்டிலிருந்தபடியே பரிந்துரைத்தால், கணினியில் எல்லாம் ஒழுங்காகவும் ஊரில் எல்லாம் தவறாகவும் இருக்கும். அவர் தம் பொறுப்புக் கிராமத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்ற விதியைப் பலர் மறந்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் சரியான விதியாகவே படுகிறது.

ஆள் நேரில் இருப்பதால் மட்டுமே முடிகிற வேலை எது என்பதை ஒரு கருவூலத்தில் கண்டேன். உயிர்வாழ் சான்றை மின்முறையில் தரும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014 இல் வந்துவிட்டது. கைப்பேசியிலேயே முடித்துவிடுகிறவர்கள் ஏராளம். ஆனாலும் ஆசிரியராக இருந்த கணவரின் குடும்ப ஓய்வூதியத்தை வாங்கும் ஓர் ஆச்சி ஆண்டு நேர்காணலுக்கு வந்திருந்தபோது, எந்த விரலை வைத்தாலும் கருவி ஏற்கவில்லை. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து போவது வழக்கந்தான். கணக்கர் எழுந்து வந்து, ஈரத் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தம் கையை அதன்மேல் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். இடக்கை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. “அடுத்த வருசமும் இந்த விரலையே வையுங்க ஆச்சி” என்று சொல்லி, மறந்துவிடாமலிருக்க அவருடைய புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதியும் கொடுத்தார். “நீ இருப்பியா தம்பி?” என்று ஆச்சி கேட்டார். அந்த இருக்கையை எந்தக் காலத்திலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவருக்குப் பின்னால் திரையைப் பார்த்தபடி சம்பளப் பட்டியல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரை அன்று முழுதும் எவரும் தேடி வரவில்லை. தமிழ்நாடு அரசின் சம்பளக் கணக்குக்கான களஞ்சியம் மென்பொருளில் நடக்கும் அந்த வேலையை அவர் தேவகோட்டையில் தம் வீட்டிலிருந்து செய்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது.

என் அக்காள் மகன் சென்னையில் ஒரு நடுவண் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறான். ஊரடங்குக் காலத்தில் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன், சுண்ணாம்பும் கருங்கல்லுமாகக் கட்டிய அந்தச் சுவர்களுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை எட்டாததால், முகப்பில் கிடந்த சாய்ந்த மூடியுள்ள பழைய கணக்குப் பெட்டியின் மேல், வழுக்கி விழாதிருக்கத் துண்டை விரித்து, மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தான். அக்காளுக்கு அந்த மாதங்கள்தான் பொற்காலம். இரண்டு பேருக்குப் பெருக்கவே நாள் போதாத வீட்டில் மகன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. “அப்படியே இங்கேயே இருக்க விடமாட்டார்களா மாமா?” என்று அவன் என்னிடம் கேட்டபோது, விடலாம்தான், ஆனால் வீட்டு வாடகைப்படி என்ன ஆவது என்று திருப்பிக் கேட்டேன். 2024 ஜனவரி முதல் நடுவண் ஊழியருக்குச் சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடும் காரைக்குடி போன்ற ஊர்களில் 10 விழுக்காடும் வாடகைப்படி. சென்னைக் கணக்கில் படி வாங்கிக்கொண்டு பள்ளத்தூரில் சொந்த வீட்டில் இருப்பவரும், இதே வேலையைக் காரைக்குடிக் கிளையில் உட்கார்ந்து பார்ப்பவரும் ஒரே திரையில் ஒரே கோப்பைத் திறந்தால், பின்னவருக்கு எப்படி மனம் பொறுக்கும்? வீட்டிலிருந்து பணி என்று முழங்கும் ஊழியர் சங்கங்கள் இந்தப் பகுதிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. இருக்கும் ஊருக்கு உரிய படியே போதும் என்று எழுதிக் கொடுப்பவருக்கு வாய்ப்பைத் தரலாம். அவன் எழுதிக் கொடுப்பானா என்று கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றான்.

பெண் ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வரும் பெண்கள், பத்து மணிக்குச் சீட்டில் இருப்பதற்காக எட்டு மணிக்கே வீட்டைப் பூட்டுகிறார்கள். மாலை ஐந்தே முக்காலுக்குச் சீட்டை விட்டு எழுந்தாலும் வீடு திரும்பும்போது இரவாகிவிடும். மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் 12 மாதமாக உயர்த்திய தமிழ்நாடு அரசு, அது முடிந்த மறுநாளே முழு நாள், முழு வாரம் என்று கேட்பதற்குப் பதிலாக, அடுத்த சில மாதங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து கோப்புப் பார்க்க விடலாம். மாற்றுத்திறனாளி ஊழியருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் தொற்றுக்காலத்தில் தந்த விலக்கால் எந்தத் துறையும் நின்றுவிடவில்லை. எனினும் வீட்டிலிருந்து பணி என்றதும் பெண்கள் அனைவரும் மகிழ்வார்கள் என்று நினைப்பதும் பேதைமை. எங்கள் பிரிவில் இருந்த ஒரு பெண் அந்தச் சுழற்சி மாதங்களைப் பற்றிச் சொன்னார்: “வீட்டில் இருந்தால் அடுப்பும் என்னுடையது, கோப்பும் என்னுடையது சார், ஆபீஸுக்கு வந்தால் கோப்பு மட்டும்தான்.” வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு ‘உடனடி’ என்று புள்ளிவிவரம் கேட்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது தொற்றுக்காலத்தில் பெருகியது, ஊழியரெல்லாம் அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகும் குறையவில்லை. அலுவலக வருகை, வீட்டில் இரவு வேலை என்ற இரண்டின் பாரமும் இப்போது ஊழியர் தலையில்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல்: ஓர் இருக்கை ஒரு மாதத்தில் என்ன முடித்தது என்று அளக்க நம் அலுவலகங்களுக்கு மனமில்லை. கருவி இல்லை என்று சொல்ல முடியாது. தன்பதிவேடு என்று ஒன்று ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இருக்கிறது. எந்தத் தபால் எந்தத் தேதியில் வந்தது, என்ன நடவடிக்கை, எப்போது முடிவு என்று ஒவ்வொரு உதவியாளரும் எழுதியாக வேண்டும், கண்காணிப்பாளர் குறித்த இடைவெளியில் பார்த்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். நானும் இட்டிருக்கிறேன். மின் அலுவலகம் வந்த பின் அதைக் கையால் எழுதவும் வேண்டாம்; நிலுவை தானாகவே திரையில் நிற்கிறது. ஆனால் ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் கேட்பது வருகைப் பதிவேட்டை. விரலை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகிறவரை எந்தக் கருவியும் பிடித்ததில்லை. வருகை மட்டுமே அளவுகோலாக இருக்கும் அலுவலகத்தில் வீட்டிலிருந்து பணியை அனுமதித்தால், அந்த ஒற்றை அளவுகோலும் போய்விடும் என்று மேலதிகாரிகள் அஞ்சுவது நியாயமே; அவர்களிடம் வேறு அளவுகோல் பயன்பாட்டில் இல்லை.

ஆகவே 2020 இன் வரைவை எவராவது தூசு தட்டி எடுத்தால், ஆளுக்கு 15 நாள் என்று பங்கிட வேண்டாம் என்பேன். அப்படிப் பங்கிட்டால் அது இன்னொரு வகைத் தற்செயல் விடுப்பாகிவிடும். டிசம்பரில் மீதி நாட்களை எடுத்துத் தீர்ப்பார்கள், அந்த நாளில் கருவூலத்துக்கு வந்த ஆச்சி திரும்பிப் போவார். இருக்கைக்கு இருக்கை முடிவு செய்ய வேண்டும். முகப்பு, தபால், மனு விசாரணை, கள ஆய்வு, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் ஆகியவற்றோடு தொடர்புள்ள இருக்கைகளில் ஆள் எப்போதும் இருக்க வேண்டும். அவர் விடுப்பில் போனால் மாற்றாள் வேண்டும். சம்பளப் பட்டியல், தணிக்கைத் தடைகளுக்கு விடை, வழக்குகளுக்கான பத்திவாரிக் குறிப்பு, புள்ளிவிவரத் தொகுப்பு ஆகியவை நிலுவை ஏறாதிருக்கும் வரை வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து நடக்கலாம். நிலுவை ஏறினால் மறுமாதமே திரும்பி வரவேண்டும். முகப்பில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிட்டாது என்பதால், அவரை மூன்றாண்டுக்கு ஒரு முறை உள் இருக்கைக்கு மாற்றுவதும் வேண்டும். நான் ஓய்வு பெற்றபோது இருந்த அலுவலகத்தை மனத்தில் வைத்து எண்ணிப் பார்த்தேன். இந்தக் கணக்கில் வீட்டுக்கு அனுப்பத்தக்கவை நான்கு இருக்கைகள் தேறுகின்றன. அவற்றுள் கண்காணிப்பாளர் இருக்கை இல்லை.